காப்புறுதிப் பத்திரம் கடையைக் காக்குமா?

நம் வணிகர் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: “கடைக்குக் காப்புறுதி எடுத்தாயிற்று, இனி என்ன நடந்தாலும் கவலையில்லை.” சொல்பவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார், கேட்பவர் தலையை அசைக்கிறார். நம்மவருள் சிறு வணிகரை இவ்வாசகம் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுத்ததில்லை என்பது என் துணிபு. காப்புறுதி வேண்டா என்று நான் சொல்ல வரவில்லை. பத்திரத்தைப் பெட்டிக்குள் வைக்கும்போது சிந்தனையையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறோமே, அதைத்தான் சாடுகிறேன்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். அம்மழைக்காலத்து வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. என் மாணவன் ஒருவனுடைய தந்தையின் மளிகைக் கடையும் அவ்வெள்ளத்தில் மூழ்கியது. ஆண்டு தவறாமல் கட்டணம் செலுத்தி வந்தவர் அவர். நனைந்த பத்திரத்தோடு என்னிடம் வந்து, “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்” என்றார். படித்தேன். அது தீக்காப்புறுதி. வெள்ளத்தைத் தனியே சேர்த்து, அதற்கெனக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தாலன்றி வெள்ளச் சேதம் அதில் அடங்காது. இத்தனை ஆண்டுகள் பணம் கட்டியவர் அதை ஒருநாளும் படித்ததில்லை. விற்றவரும் படித்துக் காட்டியதில்லை.

ஆயினும் அவர் கண் கலங்கியது அரிசி மூட்டைகளுக்காக அன்று. பற்றுக் கணக்குப் புத்தகம் கூழாகிப் போயிருந்தது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்த ஏட்டிலன்றி வேறெங்கும் இல்லை. மானமுள்ளவர்கள் தாமே வந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்தத் தெரு வழியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஏடே இல்லாதவன் எந்த நிறுவனத்திடம் எதைக் காட்டி இழப்பீடு கேட்பது? வாரம் ஒருமுறை அப்பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பியிருந்தால் போதும். அதற்கு ஒரு காசு செலவில்லை!

கட்டணத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதுவோரும் உளர். அவர்களுக்காக ஒரு கணக்கு. சரக்கின் மதிப்பு 200,000 ரிங்கிட். காப்புறுதி செய்ததோ 100,000. தீயில் 50,000 ரிங்கிட் சரக்கு அழிந்தது. கைக்கு எவ்வளவு வரும்? ஐம்பதாயிரம் என்பார்கள். அன்று, பாதி மதிப்புக்குக் காப்புறுதி செய்தவருக்கு இழப்பிலும் பாதிதான், அதாவது 25,000. மீதிக்கு அவரே பொறுப்பு என்ற விதி பத்திரத்திலேயே இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவன் போடும் விகிதக் கணக்குத்தான் இது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது முடிதிருத்தகங்களும் துணிக்கடைகளும் கதவடைத்தன. கட்டடம் எரியவில்லை, சரக்கு நனையவில்லை. தொழில் தடைப்பட்டால் பணம் தரும் காப்புறுதியும் பொதுவாகப் பொருட்சேதத்தோடு பிணைக்கப்பட்டதே. அந்நாளில் ஒரு கடையைத் தாங்கியது கையிருப்பில் கிடந்த சில மாத வாடகைப் பணம்தான். தோட்டத்து மக்களை மட்டுமே நம்பிக் கடை வைத்தவர்கள், தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது நின்ற நிலையை நான் விரிக்கத் தேவையில்லை.

“தம்பிதான் கல்லாவில் இருக்கிறான், கணக்கும் அவனே பார்க்கிறான்” என்று பெருமைப்படுவோர் சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். இருநூறு ஆண்டுகளைக் கடந்த இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி, அங்கே நிக் லீசன் என்ற ஒருவரிடமே வாங்கி விற்கும் பொறுப்பையும் அதற்குக் கணக்கு முடிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்திருந்தது. அவர் இழப்புகளை ஒரு தனிக் கணக்கில் மறைத்தார். 80 கோடி பவுனுக்கு மேல் போயிற்று. வங்கி ஒற்றைப் பவுனுக்கு விலைபோனது. எங்கள் பள்ளியில் மாணவரிடம் பத்து ரிங்கிட் வசூலித்தாலும் பணம் வாங்குபவர் ஒருவர். கணக்கைச் சரிபார்ப்பவர் வேறொருவர். இதனால் எந்த ஆசிரியரும் தம்மை ஐயுற்றதாக எண்ணி வருந்தியதில்லை. தம்பியும் வருந்த மாட்டான். வருந்தினால், அன்றே ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

“சிறு கடைக்கு இவ்வளவு எதற்கு?” என்பார் சிலர். பெரிய நிறுவனம் ஓர் அடியைத் தாங்கி எழும். நம் கடை ஒரே அடியில் விழும். எதற்கு என்று கேட்க வேண்டியவர் பெரியவரேயன்றிச் சிறியவர் அல்லர்.

ஆண்டுக்கொரு கூட்டம் போட்டு, காப்புறுதி முகவரை மேடையேற்றி மாலையிடும் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அவர் பக்கத்தில் ஒரு கணக்காய்வாளரையும் உட்கார வையுங்கள். வருபவர்கள் தத்தம் பத்திரத்தையும் பேரேட்டையும் கையோடு கொண்டு வரட்டும், வரிவரியாகப் படிப்போம். இடமில்லை என்று சொல்ல வேண்டா. எங்கள் பள்ளி மண்டபம் சனிக்கிழமை பிற்பகலில் சும்மாதான் கிடக்கிறது.