கோல்ஃப் வரலாம், மேய்ச்சல் உரிமை போகக் கூடாது

கோல்ஃப் என்றாலே நிலத்தை வளைத்து, வேலி போட்டு, தண்ணீரை உறிஞ்சும் பணக்கார விளையாட்டு என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால், அது வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேட்டு மேய்ச்சல் நிலங்களில். அந்த நிலத்துக்குத்தான் ‘லிங்க்ஸ்’ என்று பெயர். செம்மறிகள் கடித்துக் குட்டையாக்கிய புல்லில்தான் பந்து உருண்டது.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள சவுத் யூயிஸ்ட் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பித்தூள் கலந்த அதன் கடலோர மணல் நிலத்தில், கடற்பாசியை உரமாக இட்டு ஓட்ஸ், ரை பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் மாடு மேய்ப்பார்கள். சிறு விவசாயிகளுக்கு அங்கே பொது மேய்ச்சல் உரிமை சட்டப்படி உண்டு.

அத்தீவின் அஸ்கெர்னிஷில் 1891-ல் ஓல்டு டாம் மோரிஸ் ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்தார். காலப்போக்கில் அதன் பெரும்பகுதி மறைந்துபோனது. 2006-ல் தீவு மக்களின் பொது நிறுவனமே ஜமீன் நிலத்தை விலைக்கு வாங்கியது. 2008-ல் 18 குழிகளுடன் மைதானம் மீண்டும் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர்களும் கட்டணம் கட்டி விளையாடலாம். ரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ இல்லாமல் பராமரிக்கிறார்கள். குளிர்காலத்தில் கால்நடைகளும் மேய்கின்றன.

அப்படியும் தகராறு வந்தது. மேய்ச்சல் பறிபோகும் என்று அஞ்சிய விவசாயிகள் சிலர் நில நீதிமன்றம் வரை போனார்கள். நிலம் மக்கள் கைக்கு வந்த பிறகும் ஏன் இந்தச் சண்டை? நிலத்தின் உடைமை வேறு, அதில் மேய்க்கும் உரிமை வேறு. முதலாவது ஊருக்குக் கிடைத்ததால் இரண்டாவது தானாகப் பத்திரமாகிவிடாது.

சமரசத்துக்கும் வழி உண்டு. வடக்கு ஸ்காட்லாந்தின் பிரோரா மைதானத்தில் பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு மட்டும் மின்வேலி போட்டு, மற்ற இடங்களில் ஆடுமாடுகளைப் பல பத்தாண்டுகள் மேயவிட்டார்கள்.

ஒதுக்குப்புற ஊர்களில் இத்தகைய மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பதை நான் வரவேற்கிறேன். தங்குமிடம், சாப்பாடு, வேலை என ஊருக்கு நாலு காசு வரும். ஆனால் எந்த மாதங்களில் மேய்ச்சல், எத்தனை கால்நடைகள், வேலிச் செலவு யாருடையது, கட்டணத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் முதல் குழி தோண்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

விவசாயிகளே, விரிவாக்கப் பணியாளர்களே! உங்கள் ஊர்ப் பொது நிலத்துக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் வாய்வார்த்தையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.