கடற்குப்பையும் கட்டும் ஆடையும்

குப்பையிலிருந்து குப்பாயம் நெய்யலாம் என்று கூறியிருந்தால் நம் முன்னோர் நகைத்திருப்பர். இன்று அது கண்கூடு. 2019ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைபெற்ற உலகக் கிண்ணத் துடுப்பாட்டப் போட்டியில் நம் நாட்டு அணியினர் அணிந்த சட்டை, இலங்கைக் கரையோரங்களில் திரட்டிய பிளாஸ்டிக் கழிவிலிருந்து ஆக்கப்பட்டதாகும். ஆக்கியது எம்.ஏ.எஸ். நிறுவனம்; அச்சட்டையிற் பொறித்த உருவம் கடலாமை.

நம் கல்லூரியின் யூபிலி விழாவுக்கும் இத்தகைய துணியிலேயே நினைவுச் சட்டை செய்வித்து எல்லோர்க்கும் வழங்கலாம் என அன்பர் சிலர் கூறுகின்றனர். அவர்தம் நோக்கம் போற்றற்குரியது. எனினும், வழங்குமுன் சிந்திக்க வேண்டுவன சில உள.

தண்ணீர்ப் போத்தலும் பொலியெஸ்டர்த் துணியும் ஒரே பொருளின் இரு வடிவங்களே. போத்தலைக் கழுவி, சிறு துண்டுகளாக வெட்டி, உருக்கி, நுண்டுளைகளின் வழியே செலுத்தினால் இழை பிறக்கும். ஆயின், கடல் சேர்ந்த பிளாஸ்டிக் யாவும் இவ்வாறு உதவுவதில்லை. உப்பிலும் வெயிலிலும் நெடுநாட் கிடந்தது வலுவிழந்துவிடும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகள் இருந்தன. கரையொதுங்கிய அம்மணிகளை மணலிலிருந்து அரித்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. ஆகவே, கடலில் விழுந்தபின் மீட்பதினும் விழாமற் காப்பதே எளிது.

மற்றொன்றும் உண்டு. பொலியெஸ்டர்ச் சட்டையை வெளுக்குந்தோறும் கண்ணுக்குப் புலனாகா இழைத் துணுக்குகள் உதிர்கின்றன. அவை வடிகால் வழியே மீண்டும் கடலையே அடையும். கடலைக் காக்க அணிந்த சட்டை கடலையே மாசுபடுத்துமாயின், அதனால் எய்திய பயன் யாது? பழைய போத்தல் மீண்டும் போத்தலாகலாம். பலவகை நூல் கலந்த பழஞ்சட்டை மீண்டும் சட்டையாதலோ அரிது. பெரும்பாலும் அது கந்தலாகவே முடியும்.

இவற்றால், அத்தொழிலை நாம் பழிக்கின்றோம் அல்லோம். துள்ளித் திரியும் விளையாட்டுக்கு ஏற்ற துணி அது. பழைய போத்தலிலிருந்து வருதல் புதிய எண்ணெயிலிருந்து வருதலினும் நன்று. ஒருமுறை உடுத்திப் பெட்டியில் வைக்கும் சட்டைக்கு மட்டும் அந்நியாயம் பொருந்தாது. நற்செயல் என்னும் பெயரால் வேண்டாத ஆடை ஒன்றை வாங்குதல் புதுவகை ஊதாரித்தனமேயாம். காலி வீதியில், வெள்ளவத்தைத் துணிக்கடைகளைக் கடந்து செல்வோர் யாவரும் இதனை எண்ணுதல் தகும்.

ஆதலின் நாம் விழாக் குழுவினர்க்குக் கூறுவது இது: நினைவுச் சட்டை, விளையாட்டு அணியினர்க்கும் விரும்பிக் கேட்போர்க்கும் மட்டும் ஆகுக. மிஞ்சும் பணத்தில் கல்லூரி வாயிலில் போத்தல் சேர்க்கும் தொட்டியும் மாணவர்க்குக் குடிநீர்க் குழாய்களும் அமைக. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவரப் பழகுவராயின், கடலுக்குச் செல்லும் போத்தல் குறையும். யூபிலிக்கு இதனினும் சிறந்த நினைவு வேறில்லை.