நகர்ந்தது ரயிலா, நீங்களா? பொருள் இருக்கும் இடத்தை மூளை எப்படிக் கணக்குப் போடுது?

தங்கவயல் மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போறவரா நீங்க? அப்போ இது உங்களுக்கும் நடந்திருக்கும். பங்காரப்பேட்டையில் உங்க ரயில் நிற்குது. பக்கத்து ரயில் கிளம்புது. ஒரு நொடி, நம்ம ரயில்தான் பின்னால் போகுதுன்னு தோணும். பிளாட்பாரத் தூணைப் பார்த்ததும்தான் தெளியும்.

ஒரு பொருள் எங்கே இருக்குன்னு கண் மட்டும் முடிவு செய்வதில்லை. உடல் எவ்வளவு திரும்பியிருக்கு என்பதையும் மூளை சேர்த்துத்தான் கணக்குப் போடுது.

செய்து பாருங்க

போனைக் கண்ணெதிரே பிடித்து வேகமாக ஆட்டுங்க. எழுத்து கலங்கும். இப்போ போனை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ஆட்டுங்க. படிக்க முடியும். தலை திரும்பும்போது உள்காது தரும் தகவலை வைத்து, கண் எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டுது.

உள்காது எங்கே ஏமாறும்?

உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கு. அவை உணர்வது வேக மாற்றத்தை மட்டும்தான். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் சில பத்து நொடிகளில் சுற்றும் உணர்வே மங்கிவிடும். சட்டென்று நின்றால், திரவம் மட்டும் நிற்காமல் ஓடும். அறை சுற்றுவது போலத் தெரிவது அதனால்தான்.

வெளிச்சம் இல்லாவிட்டால்?

1978 ஜனவரி 1 இரவு, மும்பையில் கிளம்பிய ஏர் இந்தியா 855 விமானம் சில நிமிடங்களுக்குள் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் கேப்டனின் கருவி பழுதாகி, வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே இருண்ட கடல், அடிவானம் தெரியாது. சீராகத் திரும்பும் விமானத்தில் விசை இருக்கையை நோக்கியே அழுத்தும் என்பதால், சாய்ந்திருந்தாலும் உடல் நேராக இருப்பதாகவே உணரும். கருவி பொய் சொன்னபோது, திருத்த உடலாலும் முடியவில்லை. பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் விமானிகளுக்கு இந்தக் குழப்பத்தைப் பற்றிப் பயிற்சி தருவது இதற்காகத்தான்.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன?

2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் வேலைக்காக வெளியே போக, தங்கவயலின் லைன் வீடுகள் பலவற்றில் இருப்பது வயதான அப்பா, அம்மாதான். வயதானால் உள்காதின் திறனும் பாதங்களின் உணர்வும் குறையும். சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்புவார்கள். ராத்திரி இருட்டில் எழுந்து சட்டென்று திரும்பினால் அந்தத் துணையும் இல்லை. அப்போதுதான் விழுகிறார்கள்.

படுக்கையில் புரண்டால் அறை சுற்றுதுன்னு அம்மா சொன்னால், பித்தம்னு விட்டுடாதீங்க. உள்காதின் நுண்துகள்கள் இடம் மாறியிருக்கலாம். பெரும்பாலும் மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பியே சரிசெய்துவிடுவார்.

இந்த வாரம் ஊருக்குப் போகும்போது, படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு நைட் லாம்ப் மாட்டிட்டு வாங்க.