ஒஹலாவும் எங்கள் இன்ஷா அல்லாஹ்வும்

"ஸ்பெயின்காரர்களும் இன்ஷா அல்லாஹ் சொல்கிறார்கள்" என்றொரு செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றிவருகிறது. அவர்கள் பேச்சில் நாளாந்தம் வரும் 'ஒஹலா' என்ற சொல்லைத்தான் அது குறிப்பிடுகிறது. கேட்க மனதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வருடமாக அந்த மொழியைக் கற்றுவருபவள் என்ற வகையில், அச்செய்தி பாதிதான் சரி என்பது என் கருத்து. சரியில்லாத மறுபாதியில்தான் எமக்கு வேலை இருக்கிறது.

முதலில் சரியான பாதி. கி.பி. 711 இல் முஸ்லிம்கள் அந்த மண்ணில் கால்வைத்தது முதல் 1492 இல் கிரனாடா வீழும் வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அங்கே அரபு ஆட்சிமொழியாகவும் வீட்டுமொழியாகவும் வாழ்ந்தது. சீனிக்கு அஸூகர், எண்ணெய்க்கு அஸெய்தே, தலையணைக்கு அல்மோஆதா என்று இன்றும் ஸ்பானியர் சொல்வது அதன் மிச்சமே. ஒஹலாவும் அப்படித்தான். பழைய ஸ்பானிய மொழியில் அதன் உச்சரிப்பு 'ஒஷலா'. அயலிலுள்ள போர்த்துக்கேய மொழியில் இன்றும் ஒஷலாதான். 1567 இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் அரபு மொழியைத் தடைசெய்தது. 1609 முதல் 1614 வரை, முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டார்கள். சொல்லை மட்டும் கப்பலேற்ற முடியவில்லை.

இனி மறுபாதி. ஸ்பானிய மொழிக்கான அரச கழகத்தின் அகராதி இச்சொல்லுக்குக் காட்டும் வேர் 'இன்ஷா அல்லாஹ்' அல்ல. அந்தலூசியாவின் பேச்சு அரபிலிருந்த 'லவ் ஷா லாஹ்'. அரபு படிக்கும் சகோதரிகளுக்கு 'இன்'னும் 'லவ்'வும் தெரியும். இரண்டும் 'ஆல்' என்றுதான் தமிழில் வரும். ஆனால் நடக்கக்கூடியதற்கு இன். நடவாததற்கும் அரிதானதற்கும் லவ்.

ஒஹலா ஓர் ஏக்கச் சொல். "ஒஹலா யுஎவா" என்றால் மழை பெய்யாதா என்று பொருள். வினையைச் சற்று மாற்றி "ஒஹலா யோவியெரா" என்றால், பெய்தால் எவ்வளவு நல்லது, ஆனால் பெய்கிற மாதிரித் தெரியவில்லை. இன்னும் மாற்றி "ஒஹலா உபியெரா யோவிதோ" என்றால், அன்றைக்குப் பெய்திருக்கக் கூடாதா என்ற கவலை. நம்பிக்கை எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். (பரீட்சை மண்டபத்தில் இருந்து வெளியே வரும் எவளுக்கும் மூன்றாவது வடிவம் உடனே மனப்பாடமாகும்.)

எனவே "நாளைக்கு வருகிறாயா?" என்று கேட்பவரிடம் "ஒஹலா" என்று தனியே சொன்னால், "வர முடிந்தால் எவ்வளவு நல்லது" என்றுதான் அவர் விளங்கிக்கொள்வார்; பெரும்பாலும் உங்களுக்காகக் கதிரை போடமாட்டார். வருவதாக முடிவுசெய்துவிட்டால் சொல்லவேண்டியது "ஸி தியோஸ் கியெரே", இறைவன் நாடினால். எங்கள் இன்ஷா அல்லாஹ்வுக்கு நேரான தொடர் இதுதான். நழுவுவதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: "யா வெரேமோஸ்", பார்ப்போம். ஏக்கத்துக்கு ஒன்று, எண்ணத்துக்கு ஒன்று, நழுவலுக்கு ஒன்று.

எங்களிடமோ மூன்றுக்கும் ஒரே சொல்லாகிவிட்டது. சூரத்துல் கஹ்ஃபின் 23, 24 ஆம் வசனங்கள் கற்றுத்தருவது, நாளைக்குச் செய்வேன் என்று சொல்பவர் அதை அல்லாஹ்வின் நாட்டத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதை. அங்கே செய்வேன் என்ற எண்ணம் முதலில் இருக்கிறது. தையற்காரர் பெருநாளைக்கு முதல்நாள் சொல்லும் இன்ஷா அல்லாஹ்வில் அது இருக்கிறதா என்று உம்மாமாரிடம்தான் கேட்கவேண்டும்.

தையற்காரரை விடுவோம். "வாப்பா, உயர்தரம் முடிந்ததும் தூரத்துக் கம்பஸ் கிடைத்தால் அனுப்புவீங்களா?" என்று மகள் கேட்கிறாள். "இன்ஷா அல்லாஹ் மகள்" என்கிறார் வாப்பா. அவர் ஏற்கெனவே காசு சேர்க்கத் தொடங்கிவிட்டாரா? அனுப்ப ஆசை இருந்தும் வழி தெரியாமல் நிற்கிறாரா? கல்யாணப் பேச்சு வரும்வரை கேள்வியைத் தள்ளிப்போடுகிறாரா? மகளுக்கு விளங்காது. விளங்காமலே அவள் இரண்டு வருடம் படிப்பாள், சிலவேளை படிக்காமலும் விட்டுவிடுவாள்.

பெற்றோரே, எங்களுக்கு ஸ்பானிய மொழி தேவையில்லை. தமிழில் மூன்றும் இருக்கின்றன. "அனுப்புவேன், இன்ஷா அல்லாஹ்" என்று வினையை முன்னால் வைத்துச் சொல்லலாம். "அனுப்பத்தான் ஆசை மகள், கையில் இல்லையே" என்றாலும் நாங்கள் தாங்கிக்கொள்வோம். பக்கத்திலுள்ள கல்வியியற் கல்லூரிக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்க அப்போதே விசாரிக்கத் தொடங்குவோம். "பார்ப்போம்" என்றால், எப்போது பார்ப்பீர்கள் என்று அடுத்த கேள்வியாவது கேட்கலாம். இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டால், அதற்கு மேல் எந்தப் பிள்ளை வாய் திறப்பாள்?