ஆராயாத் தண்டமும் அனைத்துலக அறமும்

உலகம் சுருங்கிவிட்டது என்று அறிவியலார் மகிழ்கின்றனர். சுருங்கிய உலகில் அச்சமும் விரைந்து பரவும் என்பதை நாம் நாள்தோறும் கண்டு வருகிறோம். 2019 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்தோர்மீது வெறியன் ஒருவன் சுட்டதில் 51 உயிர்கள் மாய்ந்தன. ஐந்து வாரங்கள் கழித்து, ஏப்ரல் 21 ஆம் நாள், இலங்கையில் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டில் இருந்தோரும் விடுதிகளில் தங்கியிருந்தோருமாக 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்னதில் மாண்டோர் முஸ்லிம்கள். பின்னதில் கொன்றோர் முஸ்லிம் பெயர் தாங்கியோர். இரண்டு இடங்களிலும் இறைவனை வணங்கிக்கொண்டிருந்தவர்களின் குருதியே சிந்தியது. திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயத்து 32 ஆம் வசனம் ஓர் உயிருக்கு அளிக்கும் மதிப்பை உணர்ந்த எவரும், இவ்விரண்டில் ஒன்றைக் கண்டித்து மற்றொன்றைக் கண்டும் காணாதிருத்தல் இயலாது.

ஆகவே, பயங்கரவாதம் ஒழிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. எவ்வாறு ஒழிப்பது என்பதே வினா. இதற்கென உலக நாடுகள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகின்றன. அம்முயற்சிகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. குற்றச் செயல் இன்னது என்று தெளிவாகச் சுட்டி, குற்றஞ்சாட்டப்பட்டவனை மன்றத்தில் நிறுத்தி ஆராய்ந்த இடங்களில் உலகம் ஓரளவேனும் வென்றிருக்கிறது. சொல்லின் பொருளை வரையறுக்காமலும், மறுதரப்பைக் கேளாமலும் தண்டித்த இடங்களில் அது தன் அறத்தை இழந்து நின்றிருக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள் வரையாச் சொல்

1934 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் நாள் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுக நகரில் யூகோசுலாவிய மன்னர் முதலாம் அலெக்சாண்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் வந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்துவும் உயிரிழந்தார். அந்த அதிர்ச்சியின் விளைவாக, அன்றைய உலக நாடுகள் சங்கம் 1937 நவம்பரில் ஜெனீவாவில் பயங்கரவாதத் தடுப்பு உடன்படிக்கை ஒன்றை உருவாக்கியது. 24 நாடுகள் கையொப்பமிட்டன. ஆயினும் அதனை முறைப்படி ஏற்று உறுதிசெய்த நாடு ஒன்றே ஒன்றுதான். அந்நாடு இந்தியா; அதுவும் ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்த அடிமை இந்தியா. ஏனைய நாடுகள் உறுதிசெய்யாமையால் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வராமலேயே மறைந்தது.

அடிமை நாட்டின் பெயரால் ஆண்டவர்கள் அதனை ஏன் விரைந்து ஏற்றனர் என்பது ஆராயத்தக்கது. பகத்சிங் போன்றோரை ஆங்கில அரசு பயங்கரவாதி என்றே அழைத்தது. விடுதலை பெற்ற நாடு அவரைத் தியாகி என்று போற்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1993 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1994 இல் தம் நாட்டின் அதிபரானார். ஆயினும் அமெரிக்க அரசின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவரும் அவருடைய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசாரும் நீக்கப்பட 2008 ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இதற்கு மறுதலையாக, 1983 இல் வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகன் ஆப்கானியப் போராளிகளை வரவேற்று உரையாடினார். பின்னர் அதே மண்ணில் ஆயுதம் ஏந்தியோர் வேறு பெயரால் அழைக்கப்பட்டனர். ஆள்வோரின் தேவை மாறுந்தோறும் சொல்லின் பொருளும் மாறுமாயின், அச்சொல்லைக் கொண்டு நீதி வழங்குதல் எங்ஙனம்?

ஐக்கிய நாடுகள் அவையும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டின்போது இசுரேல் அணியினர் 11 பேர் கொல்லப்பட்ட பின்னர் இப்பொருள் பொதுப்பேரவையின் ஆய்வுக்கு வந்தது. 1996 இல் இந்தியா, பயங்கரவாதத்திற்கு எதிரான முழுமையான உடன்படிக்கைக்கு வரைவு ஒன்றை முன்வைத்தது. அவ்வரைவு இன்றளவும் நிறைவேறவில்லை. அயலார் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுவோரை இச்சொல்லுள் அடக்கலாமா, ஓர் அரசின் படைகள் குடிமக்கள்மீது நிகழ்த்தும் வன்முறையை இச்சொல்லால் சுட்டலாமா என்னும் இரு வினாக்களே தடைக்கற்களாக நிற்கின்றன.

செயலைச் சுட்டிய உடன்படிக்கைகள்

சொல்லில் ஒன்றுபடாத நாடுகள் செயலில் ஒன்றுபட்டன. வானூர்திக் கடத்தல் பெருகியபோது 1970 இல் ஹேக் நகரிலும், வானூர்தியைத் தகர்த்தல் குறித்து 1971 இல் மாண்ட்ரியாலிலும் உடன்படிக்கைகள் எழுந்தன. பிணைக்கைதிகளைப் பிடித்தல் பற்றி 1979 இலும், குண்டுவெடிப்புப் பற்றி 1997 இலும், பயங்கரவாதத்திற்குப் பொருளுதவி செய்தல் பற்றி 1999 இலும் உடன்படிக்கைகள் தோன்றின. கடத்தியவன் எம்மதத்தான், எக்கொள்கையான் என்று இவை கேட்பதில்லை. இன்ன செயல் குற்றம். செய்தவனை ஒன்று உரிய நாட்டிடம் ஒப்படை, அன்றேல் உன் நாட்டு மன்றத்திலேயே வழக்குத் தொடர் என்பதே இவற்றின் சாரம்.

இம்முறையின் பயனுக்கு லாக்கர்பி வழக்கு ஒரு சான்று. 1988 டிசம்பர் 21 ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே அமெரிக்கப் பயணிகள் வானூர்தி வெடித்துச் சிதறியதில், வானில் இருந்தோரும் மண்ணில் இருந்தோருமாக 270 பேர் மாண்டனர். ஐயத்திற்கு உள்ளான லிபியர் இருவர் நெடிய இழுபறிக்குப் பின் 1999 இல் ஒப்படைக்கப்பட்டனர். நெதர்லாந்து மண்ணில், ஸ்காட்லாந்துச் சட்டப்படி இயங்கிய மன்றம் அவர்களை விசாரித்தது. 2001 சனவரியில் ஒருவர் குற்றவாளி எனவும் மற்றவர் குற்றமற்றவர் எனவும் தீர்ப்பாயிற்று. இருவரையும் ஒருசேரத் தண்டித்திருப்பின் பழிவாங்கும் வேட்கை தணிந்திருக்கலாம், நீதி கிட்டியிராது. கிறைஸ்ட்சர்ச் கொலையாளியும் 2020 ஆகஸ்டில் மன்றத்திலேயே தண்டிக்கப்பட்டான். உற்றாரை இழந்தோர் அவன் முன் நின்று தம் துயரத்தை எடுத்துரைத்தனர். விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனை அவனுக்கு விதிக்கப்பட்டது.

கேளாது விதித்த தண்டனை

2001 செப்டம்பர் 11 ஆம் நாள் அமெரிக்காவில் ஏறத்தாழ 3000 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் உலகின் பாதை மாறியது. அதே மாதம் 28 ஆம் நாள் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373 ஆம் தீர்மானம், பயங்கரவாதத்தைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் இயற்றுமாறு எல்லா நாடுகளையும் பணித்தது. ஆனால் பயங்கரவாதம் யாதென அது வரையறுக்கவில்லை. விளைவு யாது? ஒவ்வோர் அரசும் தனக்கு உகந்த பொருளை எழுதிக்கொண்டது. நம் நாட்டில் 2002 இல் பொடா சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வைகோ மேடைப் பேச்சுக்காக அச்சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டு ஓராண்டுக்கும் மேலாக அடைபட்டிருந்தார். 2004 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் கூறுகள் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துள் புகுந்துகொண்டன. 2019 இல் அது மேலும் திருத்தப்பட்டு, மன்றத் தீர்ப்பு இன்றியே ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு வழங்கப்பட்டது.

உலக அரங்கிலும் இதே நிலைதான். 1999 இல் 1267 ஆம் தீர்மானத்தின்வழித் தோன்றிய தடைப் பட்டியல், பின்னர் அல்காயிதாவோடு தொடர்புடையோர் எனக் கருதப்பட்டோரையும் உள்ளடக்கி விரிந்தது. பட்டியலில் பெயர் ஏறியவரின் சொத்துகள் முடக்கப்படும். அயல்நாட்டுப் பயணம் தடுக்கப்படும். தொடக்கத்தில் அவருக்கு முன்னறிவிப்பும் இல்லை, காரணம் கூறுதலும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. 2001 அக்டோபரில் பட்டியலில் சேர்க்கப்பட்ட சவூதி வணிகர் யாசின் காதி ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடினார். தம் தரப்பைக் கூறும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது என 2008 செப்டம்பரில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகள் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2012 இல்தான்.

தனி ஒருவரின் துன்பத்தினும் பெரியது சோமாலிய ஏழைகளின் துன்பம். 1991 முதல் மத்திய அரசு குலைந்து வங்கிகளற்றுப் போன அந்நாட்டு மக்களுக்கு, வெளிநாட்டில் உழைத்த உறவினர் அனுப்பிய பணமே சோறு. அதனைக் கொண்டு சேர்த்த பெருநிறுவனம் அல்பரக்காத். நம் ஊர்களில் உண்டியல் என்று வழங்கும் முறையை ஒத்தது அதன் பணி. 2001 நவம்பர் 7 ஆம் நாள் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தைப் பயங்கரவாதத்தோடு தொடர்புபடுத்தி முடக்கியது. ஐக்கிய நாடுகள் பட்டியலிலும் அதன் பெயர் ஏறியது. 2004 இல் வெளிவந்த, அமெரிக்க விசாரணை ஆணைய அலுவலரின் ஆய்வறிக்கையோ, அந்நிறுவனத்திற்கும் பயங்கரவாதத்திற்கும் தொடர்பு இருந்ததாகப் புலனாய்வினரால் மெய்ப்பிக்க இயலவில்லை என்றே பதிவு செய்தது. இடைப்பட்ட காலத்தில் வாராது போன பணத்திற்காக எத்தனை அடுப்புகள் எரியாதிருந்தன என்பதை எந்த ஆணையம் கணக்கெடுத்தது?

ஆராயாத பட்டியல் மறுபுறமும் பிழைபடும். ஜெய்ஷே முகம்மது இயக்கம் 2001 இலேயே பட்டியலில் ஏறிவிட்டது. அதன் தலைவர் மசூத் அசாரின் பெயரைச் சேர்க்க இந்தியா 2009 முதல் முயன்றது. சீனாவின் தடையால் 2019 மே மாதம் வரை அது கைகூடவில்லை. இயக்கம் குற்றமுடையதாம், தலைவர் பற்றி மட்டும் பத்தாண்டுகள் முடிவு செய்ய இயலவில்லையாம்! வல்லரசுகளின் நட்பும் பகையுமே அளவுகோலாகும்போது, குற்றமற்றவர் சிக்குவதும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தப்புவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

மதுரை தந்த பாடம்

தமிழ் கற்போர்க்கு இது புதிய கதையன்று. பொற்கொல்லன் ஒருவன் கூறிய ஒரு சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லப் பணித்தான் பாண்டியன். கோவலனை அழைத்து அவன் ஒரு வினாவும் வினவவில்லை. சிலம்பை உடைத்துப் பரல் பார்க்கும் எளிய ஆய்வு, உயிர் போன பின்னரே நடந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்னும் உண்மை முன்னரே வெளிப்பட்டிருப்பின், கோவலன் உயிரும் பிழைத்திருக்கும், பாண்டியன் கோலும் வளையாதிருந்திருக்கும், மதுரையும் எரியாதிருந்திருக்கும். திருட்டைத் தண்டிப்பது அரசன் கடமை என்பதை இளங்கோவடிகள் மறுக்கவில்லை. ஆராயாமல் தண்டிக்கும் அரசு தன் தலைநகரையே எரிக்கும் என்பதுதான் அவர் காட்டும் பாடம். பாண்டியனுக்கோ தன் பிழை உணர்ந்தவுடன் உயிர் துறக்கும் மானம் இருந்தது. இன்றைய வல்லரசுகளிடம் அதனை எதிர்பார்ப்பார் இல்லை. ஒரு வருத்தச் சொல்லையேனும் எதிர்பார்க்கலாம் அன்றோ? குவாண்டனாமோ சிறைக்கு 2002 முதல் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 780 பேருள் மிகப் பெரும்பாலோர் எவ்வித வழக்கும் தொடரப்படாமலே விடுவிக்கப்பட்டனர். அவர்கள் இழந்த ஆண்டுகளுக்கு ஈடு யாது?

இத்தகைய அநீதி பயங்கரவாதிகளுக்குப் பெருந்துணையாகிறது. நீதியின் வாயில் உங்களுக்கு அடைபட்டுவிட்டது என்று இளைஞரின் செவியில் ஓதுவதே அவர்தம் வாணிகம். ஒவ்வோர் ஆராயாத் தண்டமும் அவ்வாணிகத்திற்கு முதலாகிறது.

செய்யத்தக்கவை

உலகம் இதனை உணரவே இல்லை என்று கூறுவதும் நேர்மையன்று. 2006 இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற உலகளாவிய செயல்திட்டத்தின் நான்கு தூண்களுள் ஒன்று மனித உரிமை. 2009 டிசம்பரில், தடைப் பட்டியலில் உள்ளோரின் முறையீட்டைக் கேட்கத் தனி அலுவலர் பதவி உருவாக்கப்பட்டது. கனடாவின் கிம்பர்லி புரோஸ்ட் 2010 இல் அப்பொறுப்பை முதன்முதலில் ஏற்றார். ஆயினும் அவ்வழி அல்காயிதா, ஐ.எஸ். தொடர்பான பட்டியலுக்கே உரியது. பிற தடைப் பட்டியல்களில் உள்ளோர்க்கு அது திறக்கவில்லை.

ஆதலின் மூன்றினை நாம் வலியுறுத்துகிறோம். ஒன்று, செய்தவன் யார் என்று நோக்காது செய்த செயலை அளவுகோலாகக் கொண்டு பயங்கரவாதத்தை வரையறுத்தல் வேண்டும். குடிமக்களைக் குறிவைக்கும் குற்றம் குழுவினுடையதாயினும் அரசினுடையதாயினும் சட்டத்தின் முன் நிற்றல் வேண்டும். இரண்டு, எப்பட்டியலில் பெயர் ஏறினும் காரணம் அறியவும், மறுமொழி கூறவும், நடுநிலை மன்றத்தை அணுகவும் உரிமை இருத்தல் வேண்டும். மூன்று, பிழையாகத் தண்டிக்கப்பட்டோர்க்கு ஈடு வழங்குதல் வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு. அது நம்மைச் சார்ந்தது. தீவிரவாதி, பயங்கரவாதி, போராளி என்னும் சொற்களைத் தமிழ் இதழ்கள் வேறுபாடின்றி ஆள்கின்றன. தீவிரம் என்பது விரைவையும் கடுமையையும் சுட்டுவது. பயங்கரம் என்பது அச்சம் விளைப்பது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அதன்முன் ஒரு சமயத்தின் பெயரையும் ஒட்டி எழுதும்போது, வாடகைக்கு வீடு தேடும் ஓர் இளைஞனின் முகத்தில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் பணியாயின், இதுவும் அப்பணியில் அடங்கும்.

நபிகள் நாயகம் அவர்களின் இளமைக்காலத்தில் மக்கா நகரில் ஓர் உடன்படிக்கை நிகழ்ந்தது. வெளியூரிலிருந்து வந்த வணிகர் ஒருவர், பொருளைக் கொடுத்து விலை பெறாமல் ஏமாற்றப்பட்டு முறையிட்டார். குலத்தலைவர் பலர் ஒன்றுகூடி, அநீதிக்கு உள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என உறுதி பூண்டனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் அவ்வுடன்படிக்கையில் பங்குகொண்டதை நபிகளார் பிற்காலத்திலும் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். முறையிட்டவரின் குலம் யாது என்று அங்கு எவரும் வினவவில்லை. உலக நாடுகள் எழுதி முடிக்காது வைத்திருக்கும் உடன்படிக்கைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை. குண்டுக்கு இரையானவர் எவராயினும் அவருக்காக அழுவோம். பட்டியலுக்கு இரையானவர் எவராயினும் அவருக்காகக் கேட்போம். அச்சம் அகன்று அறம் தழைக்க இறைவன் அருள்புரிவானாக!