நாற்பது கார்களும் இரண்டு மரங்களும்

சென்ற பருவத்தின் தொடக்கத்தில், நாம் பணிபுரியும் அரசு கலைக் கல்லூரியில் ஆசிரியர் கூட்டம் ஒன்று நடந்தது. நிகழ்ச்சி நிரலில் ஐந்து பொருள்கள். நூலகத்திற்குச் சிற்றிதழ்கள் வாங்குவது முதற்பொருள். ‘அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூன்று நிமிடத்தில் முடிந்தது. இரண்டாமாண்டு மாணவரின் தேர்ச்சி விழுக்காடு சரிந்திருப்பது இரண்டாவது. ஒருவர் இருமினார், மற்றொருவர் கைபேசியைப் பார்த்தார், அதுவும் கடந்தது. ஐந்தாவது பொருள் ‘வளாகத்தில் வாகன நிறுத்தம்’. அதன்மீது ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினோம். ஆண்டுக்கணக்கில் வாய் திறவாத மூத்த பேராசிரியர்கள் எழுந்து நின்று பேசினர். ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத இரு துறைத்தலைவர்கள் அன்று ஒரே குரலில் பேசினர். கல்வி தொடர்பான எந்தப் பொருளிலும் நாம் காணாத அறச்சீற்றத்தை அன்றுதான் கண்டோம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், 1963இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதைப் பற்றிக் கேலியாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு திசையில் இழுக்கும் பேராசிரியர்களை ஒரு நிறுவனமாகப் பிணைத்து வைத்திருப்பது, வண்டி நிறுத்த இடமில்லை என்ற பொதுக்குறைதானோ என்பது அவருடைய ஐயம். அறுபதாண்டு கடந்து அந்த வாக்கு நம் ஊரில் பலித்துவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், நோபல் பரிசு பெற்றவருக்கென்று தனியே பலகை வைத்து நிறுத்துமிடம் ஒதுக்குகிறார்கள். நம் வளாகத்தில் அதற்குக் கார் இருந்தால் போதும்.

கூட்டத்தின் முடிவுகள் இவை: மாணவர்களின் இருசக்கர வாகனங்கள் இனி வாயிலுக்குள் வரக்கூடாது. கலையரங்கத்திற்கு முன்னுள்ள திடல் ஆசிரியர் கார்களுக்கு ஒதுக்கப்படும். அங்கே தகரக் கூரை போடுவதற்கு இடையூறாக நிற்கும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் ‘கிளை கழிக்கப்படும்’. அரசு நிலத்தில் மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதை நன்கறிந்த ஒருவர், ‘வெட்டுதல்’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் ‘கிளை கழித்தல்’ என்று எழுதச் செய்தார். எத்தனை கிளை, எந்த உயரம் வரை என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. அடிமரம் வரை கழித்தாலும் அது கிளை கழித்தலே போலும். மரங்கள் செய்த குற்றம் யாதெனில், அவற்றில் அடையும் கொக்குகளும் காக்கைகளும் கார்களின் மீது எச்சமிடுகின்றன.

நிற்க. அந்த மரங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லவியலாது. இக்கல்லூரியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இரண்டு சுழற்சிகளில் பயில்கின்றனர். முதற்சுழற்சி பிற்பகல் ஒன்றேகாலுக்கு முடிகிறது. இரண்டாம் சுழற்சி ஒன்றரைக்குத் தொடங்குகிறது. இரண்டாம் சுழற்சி மாணவியர் பலர் பதினொன்றரைக்கே வந்துவிடுவர். ஆர்வத்தினால் அன்று, அவர்கள் ஊரிலிருந்து வரும் நகரப் பேருந்து அந்த நேரத்திற்குத்தான் வருகிறது, அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. வகுப்பறைகளில் முதற்சுழற்சி நடந்துகொண்டிருக்கும். உணவகம் என்று ஒன்று உண்டு. அதில் முப்பது பேர் உட்காரலாம். எனவே இரண்டு மணி நேரம் அவர்கள் இருக்குமிடம் அந்தத் தூங்குமூஞ்சி நிழல்தான். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் அங்கே, குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்வதும் அங்கே. ‘அகமும் புறமும்’ தாளுக்கு அவர்கள் ஆயத்தமாகும் இடமும் அதுவே. நம் கல்லூரியில் மிகப்பெரிய வாசிப்பறை எது என்று யாரேனும் கேட்டால், நூலகத்தைக் காட்ட மாட்டோம்; அந்த மரத்தடியைக் காட்டுவோம். அதைத்தான் இப்போது கார்களுக்குக் கேட்கிறார்கள்.

இடம் என்பது எத்துணை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு காரை நிறுத்த வழக்கமாக ஒதுக்கப்படும் அளவு அகலம் இரண்டரை மீட்டர், நீளம் ஐந்து மீட்டர், ஆக 12.5 சதுர மீட்டர். நாற்பது கார்களுக்கு 500 சதுர மீட்டர். வண்டி திரும்பவும் நுழையவும் வேண்டிய தடத்தை இதில் சேர்க்கவில்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்த அளவின்படி ஒரு வகுப்பறை 66 சதுர மீட்டர். அதாவது ஐந்து கார்கள் நிற்குமிடத்தில் ஏறக்குறைய ஒரு வகுப்பறை நிற்கும். நாற்பது கார்கள் ஏழரை வகுப்பறைகள். (ஏழரை என்ற எண்ணை நாம் வேண்டுமென்று வருவிக்கவில்லை; கணக்கு தானே அங்கு வந்து நின்றது.) வகுப்பறைப் பற்றாக்குறையால்தான் இரண்டு சுழற்சி வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு காரிலும் பெரும்பாலும் ஒருவரே வருகிறார். காலையில் நிறுத்திய கார் மாலை வரை அசைவதில்லை.

கூட்டத்தில் நம்மோடு வாதிட்ட நண்பர்களின் தரப்பை மறைப்பது முறையன்று. மாணவர்கள் பகட்டுக்காக வண்டி ஓட்டுகிறார்கள், ஓசையடக்கியைக் கழற்றிவிட்டு வளாகத்தைச் சுற்றுகிறார்கள் என்றார் ஒருவர். உண்மை. அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களால் தேர்வு நேரத்தில் நாமும் எரிச்சலடைந்திருக்கிறோம். ஆயினும் பத்துப்பேர் செய்வதற்கு அறுநூறு பேரைத் தண்டிப்பதை வகுப்பறையில் நாம் செய்தால் எந்தப் பெற்றோரும் ஒப்புவாரா? ‘ஐ.ஐ.டி.யில் மாணவன் சைக்கிளில்தானே போகிறான், அவனைவிட இவன் உயர்த்தியா?’ என்றார் இன்னொருவர். இந்த ஒப்புமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. மாணவன் விடுதியில் தங்குகிறான். விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடையில்தான் அவன் சைக்கிள் மிதிக்கிறான். அதுவும் இயலாவிடில் வளாகத்துக்குள்ளேயே ஓடும் பேருந்தில் ஏறிக்கொள்கிறான். நம் மாணவன் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறான். அவனிடம் சைக்கிளைக் காட்டுவது கேலியா, அறியாமையா என்பது நமக்கு விளங்கவில்லை.

பேருந்தில் வரலாமே என்பது அடுத்த வாதம். மாணவர்க்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021ஆம் ஆண்டு மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதனால் கல்லூரிக்கு வர முடிந்த பெண்பிள்ளைகளை நாம் அறிவோம், அது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணமில்லாப் பேருந்தும் வந்தால்தானே ஏற முடியும்? இரண்டாம் சுழற்சி முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருபவனுக்கு ஊர்ப் பேருந்து ஏழே காலுக்கு. முதற்சுழற்சி மாணவர்களில் கணிசமானோர் இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள்: ஜவுளிக்கடையில் துணி மடிப்பவர், மருந்துக்கடையில் நிற்பவர், முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பவர். அந்த வண்டி அவனுக்குப் பகட்டு அன்று, தொழிற்கருவி. தவணையில் வாங்கியது, சில வீடுகளில் அக்காளின் தோட்டை அடகு வைத்து வாங்கியது.

தடை நடைமுறைக்கு வந்த முதல் வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வு. நம் வகுப்பில் மூன்று பேர் அரைமணி தாமதம். காரணம் கேட்டோம். “ஐயா, வண்டிய உள்ள விடமாட்டேங்கிறாங்க. வெளியில ரோட்டுல போட்டா போலீசு தூக்குது. கல்யாண மண்டபத்து ஸ்டாண்டுல போட்டா பத்து ரூவா. அதுவும் இன்னைக்கு நெறைஞ்சு போச்சு” என்றான் ஒருவன். நாளுக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் இருநூறுக்கு மேல். ஆசிரியர் கூட்டத்தில் இருநூறு ரூபாய் ஒரு தொகையாகவே யாருக்கும் தோன்றவில்லை. வாயிற்காவலரிடம் போய்ப் பேசினோம். ஒப்பந்தத்தில் இருப்பவர், நம்மை விட வயதில் மூத்தவர். “என்னைய ஏன் கேக்கறீங்க சார்? கார் வந்தா தொற, பைக் வந்தா மூடுன்னாங்க. நான் சைக்கிள்ல வர்றேன், என் சைக்கிளையே வெளியிலதான் போட்டிருக்கேன்” என்றார். சுவரோரம் சாய்ந்திருந்தது அந்தச் சைக்கிள்.

இதில் மேலும் ஒரு நகைப்பு உண்டு. தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் வினாப்பட்டியலில் ‘பசுமை வளாகம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வளாகத்தில் மோட்டார் வாகனங்களைக் கட்டுப்படுத்துகிறீர்களா, மிதிவண்டியை ஊக்குவிக்கிறீர்களா, நடப்போருக்கு வழி இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. நல்ல கேள்விகள். மாணவர் வண்டிகளைத் தடுத்த பலகையைப் படம்பிடித்து, ‘ஆம், கட்டுப்படுத்துகிறோம்’ என்று சான்றாக இணைக்க ஏற்பாடு நடக்கிறது. பலகைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கார்கள் படத்தில் விழாதபடி எடுக்க வேண்டும் என்று புகைப்படக்காரரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. பெட்ரோல் புகை மாணவனின் வண்டியிலிருந்து வந்தால் மாசு, பேராசிரியர் வண்டியிலிருந்து வந்தால் என்ன பெயர் என்பதை வேதியியல் துறையினர் சொல்ல வேண்டும்.

இதை எழுதும் நாமும் கார் வைத்திருப்பவரே. இரண்டாண்டுகளாக அந்த மரநிழலில் நிறுத்தியவரே. எச்சத்தை ஈரத்துணியால் துடைத்தவரே. எனவே இது தூயவரின் குரல் அன்று. கார் எதற்காக வாங்கினோம் என்று நம்மையே கேட்டுப்பார்த்தோம். முதுகுவலி என்று வீட்டில் சொன்னோம். உண்மைக் காரணம் வேறு. உடன் பணிசெய்வோர் அனைவரும் காரில் வந்திறங்கியபோது, மழைக்கோட்டை உதறியபடி துறைக்குள் நுழைவது கூச்சமாக இருந்தது. தமிழில் தேர் நிற்குமிடத்திற்கு ‘நிலை’ என்று பெயர்; திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். அதே சொல்தான் ஒருவரின் தகுதியையும் குறிக்கிறது. நம் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்டது இந்த இரண்டாவது நிலையைத்தான். கௌரவ விரிவுரையாளர்கள் அந்தக் கூட்டத்திற்கு அழைக்கப்படவே இல்லை. வகுப்புகளில் பாதியை எடுப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய வண்டிகள் உள்ளே வரலாமா கூடாதா என்று தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை. வாயிற்காவலர் தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறார்.

தமிழ்த்துறையைச் சார்ந்தவர்கள் என்ற முறையில் நமக்கு இன்னும் கூடுதல் வெட்கம் இருக்க வேண்டும். பற்றிப் படரக் கொழுகொம்பின்றி நின்ற முல்லைக்குத் தேரையே ஈந்துவிட்டு நடந்துபோனான் பறம்பின் தலைவன் பாரி என்பதைச் சிறுபாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ‘கொடைமடம்’ என்று கரும்பலகையில் எழுதிக் கோடிட்டு, ஐந்து மதிப்பெண் வினா என்கிறோம். அந்தப் பாடத்தை முற்பகலில் நடத்திய கையோடு பிற்பகலில் வந்து, தேருக்காக மரத்தைக் கழிக்கும் தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்கள் நம் துறையில் மூவர். பாரி செய்தது மடமையா கொடையா என்பதில் உரைகாரர்கள் வேறுபடலாம். நாம் செய்தது எது என்பதில் வேறுபட இடமில்லை.

இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டுத் திடலின் மேற்குச் சுவரோரம் கருவேலம் மண்டிக்கிடக்கும் நிலம் இருக்கிறது. அதைச் செப்பனிட்டால் அறுபது கார்கள் நிற்கும். அங்கிருந்து முதன்மைக் கட்டடத்துக்கு நானூறு மீட்டர்; மெதுவாக நடந்தால் ஆறு நிமிடம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது எழுந்த கூச்சலைக் கேட்டிருந்தால், நாம் பேராசிரியர்களைப் பாலைநிலத்தில் வழிநடக்கச் சொல்லிவிட்டோம் என்று எண்ணியிருப்பீர்கள். நடக்க இயலாத மாற்றுத்திறனாளி ஆசிரியர் இருவர் இருக்கிறார்கள். மாணவர் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டிகள் கட்டடத்தின் படிவரை வரட்டும், அதில் யாருக்கும் தடையில்லை. (இப்போது அந்தச் சாய்தளத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையது என்று வளாகத்தில் அனைவருக்கும் தெரியும்.) மற்ற நாம் ஆறு நிமிடம் நடப்போம். முதற்சுழற்சி முடிவதற்கும் இரண்டாம் சுழற்சி தொடங்குவதற்கும் இடையே கால்மணிக்குப் பதில் முக்கால் மணி விட்டால், ஒரு மணிக்கு வாயிலில் ஏற்படும் நெரிசலில் பாதி தானே தீரும். இருசக்கர வண்டிகள் அறுநூறாகத் தெரிவதே, போகிறவையும் வருகிறவையும் அந்தக் கால்மணியில் ஒன்றாக நிற்பதனால்தான்.

தகரக் கூரைக்கான விலைப்புள்ளி வந்துவிட்டது. நாம் மறுப்புக் கடிதம் ஒன்று எழுதி, பசுமைக் குழுவுக்குப் படியனுப்புவதாகவும் அதில் குறித்து, ஆசிரியர் அறையில் மேசைமீது வைத்திருக்கிறோம். இதுவரை ஆறு கையொப்பங்கள் விழுந்திருக்கின்றன. நான்கு பேர் பேருந்தில் வருபவர்கள். ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஆறாவது நம்முடையது. அன்று முதல் காரை மேற்குச் சுவரோரம் நிறுத்துகிறோம். ஆறு நிமிடம் என்று சொன்னது தவறு; எட்டு நிமிடம் ஆகிறது.