பனிநிலத்தில் ஓர் இரவு

நந்தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே புல்நுனியில் நிற்கும் திவலையையும், நீலகிரியில் விடியற்காலத்தே புற்றரையை வெளுக்கும் உறைபனியையும், இமயச்சாரலில் ஆளுயரம் குவிந்து கிடக்கும் வெண்பனியையும் ஒருங்கே குறிக்கின்றது. முன்பனி பின்பனி எனப் பருவம் வகுத்த நம் முன்னோர்க்கு மூன்றாவதனோடு பழக்கமில்லை; நமக்கும் இல்லை. ஆயினும், நான்கு சக்கரங்களும் உந்தும் மோட்டாரொன்றை அமர்த்திக்கொண்டு, பாதையற்ற வெண்பனியிற் சென்று இராத்தங்கி மீளவேண்டுமென்னும் வேட்கை நம் இளைஞர் சிலரிடம் காணப்படுகின்றது. வேட்கை பழிக்கத்தக்கதன்று. அவர்தம் ஆயத்தமே தலைகீழாயிருக்கின்றது என்பது என் கருத்து. எந்த வண்டி, எத்துணை ஆற்றல் என்று நெடிது ஆராய்கின்றனர். எவ்வாறு மீள்வது என்று வினவுவார் அரியர்.

பொறியை மட்டும் நம்பினார் பட்டபாட்டைத் தென்துருவச் சரிதை காட்டும். காப்டன் ஸ்காட் கொண்டு சென்ற மோட்டார்ச் சறுக்குவண்டிகள் மூன்றனுள் ஒன்று, 1911 ஜனவரியில் கப்பலினின்று இறக்கும்போதே கடற்பனி பிளந்து மூழ்கிற்று. ஏனை இரண்டும், பயணந் தொடங்கிய சின்னாட்களிலேயே பழுதுற்று வழியிற் கைவிடப்பட்டன. இக்காலத்து வண்டி அவற்றினும் பன்மடங்கு சிறந்ததென்பது மெய்யே. எனினும் நான்கு சக்கரமும் உந்துதல் வண்டியைப் புறப்படச் செய்யுமன்றி, வழுக்கும் இறக்கத்தில் நிறுத்தித் தராது. நிறுத்துவது டயரின் பிடிப்பு. அதற்குச் சங்கிலி வேண்டும். மெத்தென்ற பனியில் டயரின் காற்றைச் சற்றுக் குறைப்பின் அது அகன்று படிந்து புதையாது செல்லும். ஆனால் மீண்டுங் காற்றேற்றும் பம்பு கையிலிராவிடின் அவ்வுபாயமே கேடாய் முடியும். மண்வெட்டியும் இழுகயிறும் இன்றிச் செல்வோனை வீரனென்று யான் ஒப்பேன்.

இவற்றினுங் கொடியது ஒன்றுண்டு. 2022 ஜனவரியில், பாகிஸ்தானிலுள்ள மரீ என்னும் மலையூருக்குப் பனி காணச் சென்றோர் வண்டிகள் பல்லாயிரம் புயலிடைச் சிக்கின. இருபதின்மர்க்கு மேற்பட்டோர் தத்தம் வண்டியுள்ளேயே மாண்டனர். அவருட் பலரைக் கொன்றது குளிரன்று, நச்சுக்காற்றே எனக் கூறப்பட்டது. வெம்மை வேண்டி இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணயர்வோர், பொழியும் பனி புகைக்குழாயின் வாயை அடைப்பதை அறியார். வெளியேறாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குட் புகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை, உறங்குவோன் விழித்தெழான். ஆதலின் இரவில் இயந்திரத்தை அணைத்தல் வேண்டும். வண்டிக்குள்ளோ கூடாரத்துள்ளோ அடுப்பு மூட்டலாகாது. வெம்மையைப் படுக்கையிற்றான் தேடவேண்டும். மேலே போர்வை பல அடுக்குவோர், கீழே நிலம் உடற்சூட்டை உறிஞ்சுவதை மறக்கின்றனர். தடித்த விரிப்பு அடியில் இடுக. நனைந்த பருத்தி குளிர்விக்கும். கம்பளியோ நனைந்தும் ஓரளவு காக்கும்.

இடமும் காலமும் சுருங்கச் சொல்வேன். 2020 அக்டோபரில் அடல் சுரங்கவழி திறக்கப்பட்டபின், மணாலியினின்று லாகூல் பள்ளத்தாக்கை மாரியிலும் அடைதல் எளிதாயிற்று. கடும்பனி பொழியுங்கால் அவ்வழி அடைக்கப்படுவதுண்டு. உள்ளூர்க் காவலர் தடுப்பின் வாதாடாது திரும்புதல் நன்று. சிசு என்னும் ஊர் ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரத்தது. ஆதலின் முதல்நாள் மணாலியில் தங்கி மேலேறுக. முதன்முறை செல்வோர்க்கு ஓர் இரவு போதும். வண்டி இரண்டு வேண்டும். ஊர்விளக்குத் தெரியுந் தொலைவிலேயே, பனிச்சரிவு பாயக்கூடிய செங்குத்துச் சாரலின் அடியை விலக்கித் தங்குதல் வேண்டும். இஃது அஞ்சியார் கூற்றென நகைப்பர் சிலர். கோபுரங் கட்டுவோன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுதல் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையில், கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாதவனே நகைக்கப்படுகின்றான்.

மற்றொன்று: கைப்பேசி அங்கே பயன்படும் என்று எண்ணற்க. புறப்படுமுன், தங்கும் இடத்தையும் மீளும் நேரத்தையும் தாளில் எழுதி, அவ்வூரில் ஒருவரிடம் கொடுத்து, மறுநாள் நண்பகலுக்குள் வாரேமாயின் தேடுமாறு சொல்லிச் செல்க.